வேகமானி ஏன் கூட்டிக் காட்டுகிறது?

விரைவுச்சாலையில் வேகமானி முள் 90ஐத் தொட்டு நிற்கும். துணைக்கோள் சமிக்ஞையால் வேகத்தை அளக்கும் கைப்பேசிச் செயலியோ 86 என்று காட்டும். அதற்காகப் பட்டறைக்கு ஓட வேண்டாம். வேகமானி கெடவில்லை, விதி சொன்னபடிதான் காட்டுகிறது.

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 39ஆம் எண் வாகன விதி அது. ஐரோப்பிய, ஜப்பானியக் கார்கள் அதற்கு உட்பட்டே தயாராகின்றன. உண்மை வேகத்தைவிட வேகமானி குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்குமேல் மணிக்கு 4 கிலோமீட்டர், அதுவே எல்லை. கார் உண்மையில் 80இல் போகும்போது முள் 80 முதல் 92 வரை எங்கு நின்றாலும் சரி. 79 காட்டினால் தவறு.

இவ்வளவு இடம் விட்டதற்குக் காரணம் டயர். கார் தன் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் சுற்றுவதை உணர்கருவி எண்ணும்; ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது கணினியில் முன்பே பதிந்த கணக்கு. 205/55 ஆர்16 என்ற அளவுள்ள டயரின் விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீட்டர். புதிதில் 8 மில்லிமீட்டர் ஆழம் இருந்த டயர்ப் பள்ளம், சட்டப்படி கடைசி அளவான 1.6க்குத் தேய்ந்துவிட்டால் விட்டம் கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர் குறையும். அது 2 விழுக்காடு. சிறுத்த சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், முள்ளும் இன்னும் ஏறும்.

பெரிய டயர்தான் வம்பு. அதே ரிம்மில் பக்கச்சுவர் உயரமான 205/60 டயரை மாட்டினால் விட்டம் 652 ஆகிவிடும், 3 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல். முள் 90இல் நிற்கும்போது முன்பு 87இல் ஓடிய கார் இப்போது 90ஐ ஒட்டி ஓடும். சரியாகவே காட்டிவந்த வேகமானியாக இருந்தால் உண்மை வேகம் 93 ஆகிவிடும், முள் 90இலேயே நிற்கும். டயர் மாற்றும்முன் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காரில் வேறுபாடு எவ்வளவு என்று அறிய, நெரிசல் இல்லாத நேரத்தில், மேடுபள்ளமற்ற நேர்ச்சாலையில் வேகமானி முள்ளை 80இல் நிலைநிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவர் அரை நிமிடம் செயலியைப் பார்த்துச் சொல்லட்டும். ஓட்டுபவர் கைப்பேசியைக் கையில் பிடிப்பது குற்றம். சிங்கப்பூரின் காலாங்-பாய லேபார் சுரங்கச்சாலையில் இதைச் செய்யாதீர்கள். சுரங்கத்துக்குள் துணைக்கோள் சமிக்ஞை எட்டாது.

கண்டுபிடித்த அந்த வேறுபாட்டைக் கூடுதல் வேகமாகச் செலவழிக்க வேண்டாம். வேகக் கேமரா அளப்பது உண்மை வேகத்தை. சிங்கப்பூரில் 24 மாதங்களில் 24 தண்டனைப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படும். வாடகைக் காரில் ஏறினாலோ வேறுபாடே வேறு. சொந்தக் காரின் கணக்கு அதற்குப் பொருந்தாது.