கட்டியை எடுக்கும் முன் இரண்டு வாரம் மாத்திரை எதற்கு?

"கட்டின்னு தெரிஞ்சுபோச்சு, உடனே எடுத்துட வேண்டியதுதானே டாக்டர்?" மயக்க மருந்துப் பரிசோதனைக்கு வந்த அம்மா ஒருவர் கேட்டார். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் அவருக்கு ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி. திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு. பிரஷர் காலையில் 210, மதியம் 130.

இந்தக் கட்டி, பிரஷரை ஏற்றும் ஹார்மோன்களான அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். அறுவையின்போது கை பட்டாலே பிரஷர் 250-ஐத் தாண்டலாம். மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். கட்டியின் சிரையைக் கட்டியதும் அப்படியே தலைகீழ், பிரஷர் சரசரவென்று இறங்கும். இரண்டையும் தாங்க உடம்பைத் தயார் செய்யத்தான் இந்த மாத்திரைகள்.

முதலில் ஆல்ஃபா பிளாக்கர்: பிரசோசின், டாக்சாசோசின், ஃபீனாக்ஸிபென்சமின் இவற்றில் ஒன்று. இறுகிப்போன ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். சிறிய அளவில் தொடங்கி, பொதுவாக 7 முதல் 14 நாள் கொடுப்போம். பிரசோசினின் முதல் மாத்திரையைப் படுக்கும்போதுதான் போடச் சொல்வேன். போட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழுந்துவிடுவார்கள்.

மூக்கும் அடைக்கும். இந்த அம்மா சளி என்று நினைத்து மருந்துக்கடைக்குக் கிளம்பிவிட்டார். நல்லவேளை, போன் செய்து கேட்டார். கடையில் கிடைக்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைல்எஃப்ரின் இருக்கிறது. நாங்கள் தளர்த்தும் குழாயை அது இறுக்கும். தயவுசெய்து கேட்காமல் எதையும் போடாதீர்கள், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு உட்பட.

ஆல்ஃபா பிளாக்கர் தொடங்கியபின் தண்ணீரும் உப்பும் கூட்டச் சொல்வோம், தளர்ந்த குழாய்கள் நிரம்ப வேண்டுமே. "பிரஷர்காரங்களுக்கு உப்பா?" என்று அவர் மகள் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். கேட்டது சரிதான். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு இது பொருந்தாது.

படபடப்பு அடங்காவிட்டால் சில நாள் கழித்து, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் சேர்ப்போம். இந்த வரிசை மாறவே கூடாது. முதலிலேயே பீட்டா பிளாக்கர் கொடுத்தால், குழாயை விரிக்கும் வழி அடைபட்டு, இறுக்கும் வழி மட்டும் திறந்திருக்கும், பிரஷர் எகிறிவிடும். படபடப்புக்கென்று ஏற்கெனவே புரோப்ரனலாலோ அட்டனலாலோ எடுத்து வந்தால், நீங்களாக நிறுத்தாமல் முதல் நாளே எங்களிடம் சொல்லுங்கள்.

உட்கார்ந்தால் 130/80-க்குள், நின்றால் மேல் எண் 90-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பன்னிரண்டாம் நாள் அந்த அம்மா கோடு போட்ட நோட்டை நீட்டினார். உட்கார்ந்து 126/78, நின்று 104. அன்றே தேதி குறித்தோம்.

அப்புறம் ஒன்று. கட்டி போனபின் முதல் நாள் சர்க்கரை இறங்கலாம். நர்ஸ் அடிக்கடி விரலில் குத்திப் பார்ப்பது அதற்காகத்தான்.