பூச்சியம், சூனியம், சுழி, பாழ்: ஓர் எண்ணின் பெயர்கள்

கணக்குப் பாடத்தில் பூச்சியம், இயற்பியலில் சுழி, முந்தைய தலைமுறையின் பேச்சில் சைபர், தொலைபேசி எண்ணைச் சொல்லும்போது ஜீரோ, தேர்வில் வாங்கிவிட்டால் முட்டை என்று நாம் பல பெயரிட்டு வழங்குவது ஒரே எண்ணைத்தான். இவற்றுள் சைபரும் ஜீரோவும் உடன்பிறப்புகள். வடமொழிச் ‘சூன்ய’ என்பதற்கு ஈடாக அரபியர் ‘வெறுமை’ எனப் பொருள்படும் ‘ஸிஃப்ர்’ என்ற தம் சொல்லை ஆண்டனர். இத்தாலியரான லியனார்டோ ஃபிபொனாச்சி 1202இல் எழுதிய கணக்கு நூலில் அது ‘ஸெஃபிரும்’ ஆகி, பின்னர் இத்தாலிய மொழியில் தேய்ந்து ‘ஜீரோ’ ஆயிற்று. அதே அரபுச் சொல் வேறொரு வழியாக ஆங்கிலத்தில் புகுந்து, அங்கிருந்து ‘சைபர்’ என நம்மிடம் வந்தது.

‘சூன்ய’ என்பதற்கு வேராகக் காட்டப்படுவது ‘வீங்குதல்’ என்னும் பொருளுடைய வினையடி. புடைத்திருப்பது உள்ளே பொள்ளலாக இருக்கும் என்ற கருத்தால் அது வெறுமையைக் குறிக்கலாயிற்று. பௌத்தத்தில் இச்சொல் பெற்ற ஆழம் தனி. எப்பொருளும் பிறவற்றைச் சார்ந்தே தோன்றுவதால் எதற்கும் தனக்கென ஒரு நிலைத்த இயல்பு இல்லை என்பதையே பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனர் ‘சூன்யதை’ என்றார். ‘ஒன்றுமே இல்லை’ என்று அவர் சாதித்ததாகக் கொள்வது பரவலான பிழை.

கணிதத்தில் இந்த வெறுமையை ஓர் எண்ணாகவே நடத்தி அதற்கு விதிகள் வகுத்தவர் பிரம்மகுப்தர். ஒரே அளவுள்ள தனமும் கடனும் கூடினால் சூன்யம், எவ்வெண்ணையும் சூன்யத்தால் பெருக்கினால் சூன்யம் என்று கி.பி. 628இல் அவர் எழுதியவை இன்றும் செல்லும். சூன்யத்தைச் சூன்யத்தால் வகுத்தாலும் சூன்யமே என்றது மட்டும் செல்லாது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், ஓர் எண்ணைச் சூன்யத்தால் வகுத்து வரும் அளவில் எதைக் கூட்டினாலும் கழித்தாலும் மாற்றமில்லை என்று சொல்லி, உயிர்கள் தோன்றினாலும் ஒடுங்கினாலும் மாறாத அச்சுதனை அதற்கு உவமையாக்கினார். கணக்குச் சூத்திரத்துக்குள் திருமால் வந்து நிற்பது அக்காலத்தவர்க்கு வியப்பாக இருந்திராது. குவாலியரின் சதுர்புஜக் கோயிலில் உள்ள 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 270 முழ நீளமும் 187 முழ அகலமும் கொண்ட பூந்தோட்டத்தையும் நாள்தோறும் சாத்தவேண்டிய 50 மாலைகளையும் குறிக்கிறது. 270இன் கடைசியிலும் 50இன் கடைசியிலும் சிறு வட்டமாகப் பொறித்திருப்பது நம் எண்தான்.

தெலுங்கில் ‘சுன்ன’, கன்னடத்தில் ‘சொன்னெ’ எனச் சூன்யம் எண்ணின் பெயராகவே நிலைத்துவிட்டது. தமிழில் சூனியம் என்றதும் எலுமிச்சம்பழமும் மந்திரவாதியும் நினைவுக்கு வருவதால் கணக்குக்கு அது ஆகாது. பூச்சியமோ ‘வணங்கத்தக்கது’ எனப் பொருள்படும் ‘பூஜ்ய’ என்பதன் தமிழ் வடிவம். மலையாளத்திலும் அதுவே வழக்கு. துறவியின் பெயருக்கு முன் ‘பூஜ்யஸ்ரீ’ என்று நிற்கும் சொல்லே விடைத்தாளின் மூலையில் சிவப்பு மையிலும் நிற்கிறது.

பழந்தமிழ் எண்முறைக்கு இந்தக் குறியே வேண்டியிருக்கவில்லை. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ எனத் தனிக் குறிகள் இருந்ததால் இருநூற்றைந்தை ௨௱௫ என்று எழுதினால் போதும்; நடுவே வெற்றிடம் விழாது. கணினி எழுத்துத் தரமான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கான ௦ சேர்ந்ததே 2005இல்தான். குறி வேண்டாததால் கருத்தும் இல்லை என்று ஆகாது. பரிபாடலின் மூன்றாம் பாடல் திருமாலைப் போற்றும்போது ‘பாழெனக் காலெனப் பாகென வொன்றென’ என்று எண்ணிச் செல்கிறது. கால், பாகு (அரை), ஒன்று என ஏறும் வரிசையில் காலுக்கு முன் வைக்கப்பட்டது பாழ். திருமந்திரம் ‘முப்பாழ்’ பேசுகிறது. நம்மாழ்வார் ‘சூழ்ந்தகன் றாழ்ந்துயர்ந்த முடிவில் பெரும்பாழேயோ’ என்கிறார்.

சுழி என்பது சுழல் என்னும் அடியிலிருந்து வந்து, நீர்ச்சுழி, தலைச்சுழி, பிள்ளையார் சுழி எனச் சுழன்று வளைந்த வடிவையெல்லாம் குறிக்கும் சொல். ஆகவே அது வட்டமாக எழுதும் குறியின் பெயர். பாழ், அக்குறி சுட்டும் வெறுமையின் பெயர். ‘சுழி’யோடு ‘அம்’ சேர்த்துச் ‘சுழியம்’ என்பாரும் உளர். சில ஊர்களில் சுகியனுக்கும் அதுவே பெயர், உள்ளே பூரணம் நிறைந்திருந்தும்! எனக்குச் சுழியே போதுமாகத் தோன்றுகிறது. பாழ் பொருட்செறிவுள்ள சொல்லானாலும், பாழுங்கிணறு, பாழாய்ப்போனவன் என்று பழகிய காதுக்குக் கணக்கில் ஒட்டாது. இயற்பியலார் ‘absolute zero’ என்பதற்கு வழங்கும் ‘தனிச்சுழி வெப்பநிலை’யை யாரும் ‘தனிப்பாழ் வெப்பநிலை’ ஆக்கத் துணியமாட்டார்கள். அதுபோலவே, நாகார்ஜுனரின் சூன்யதையைச் ‘சுழியம்’ என்று பெயர்ப்பவர், வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் உள்ளிருந்த வெறுமையை விட்டுவிடுகிறார்.