சொல் விளக்கம்: திகதி

"அன்னாரின் ஓராண்டுத் திதி எதிர்வரும் 14ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அவரது இல்லத்தில் நடைபெறும்." மட்டக்களப்பில் பத்திரிகை நினைவஞ்சலியிலும் மதிலில் ஒட்டும் அறிவித்தலிலும் இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம். திதியும் திகதியும் ஒரே வரியில் நிற்கின்றன, படிக்கிறவர் எவரும் குழம்புவதில்லை. முன்னது சந்திரனைக் கொண்டு குறித்த நாள். பின்னது கலண்டரில் உள்ள இலக்கம். ஆனால் பிறப்பால் இரண்டும் ஒரே சொல்.

திதி வடசொல். சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலக எடுக்கும் நேரமே ஒரு திதி. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைவரை 30 திதிகள், அவை கழிய ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். ஆகவே ஒரு திதி சராசரியாக 23 மணி 37 நிமிடம். சந்திரனின் வேகம் மாறுவதால் அது 20 மணியளவிலும் முடியும், 26 மணியைத் தாண்டியும் நீளும். இந்தச் சொல் மக்கள் வாயில் உருமாறித் தமிழ்நாட்டில் தேதி ஆயிற்று, நம்மிடம் திகதி ஆயிற்று. உருவம் மாறியபோது பொருளும் மாறியது. சந்திரனை விட்டு விலகி, மாதத்தின் எத்தனையாம் நாள் என்ற எண்ணை மட்டும் அது குறிக்கத் தொடங்கியது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் பாடசாலைக் கரும்பலகையின் மூலையிலும் நாம் எழுதுவது இந்தத் திகதியைத்தான்.

திகதிக்கு நல்ல தமிழ் எது என்று கேட்டால், நாள் என்று உடனே விடை வரும். பெரும்பாலான இடங்களில் அது பொருந்தும். ஆனால் "வரலாற்றில் இன்று" என்று காலைக்கூட்டத்தில் வாசிக்கும் மாணவருக்கு அது போதாது. வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவற்றை ஒரே திகதியின் கீழ் அடுக்கும்போது, நாள், திதி, திகதி மூன்றும் வேறு வேறு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

டிசெம்பர் 26ஐ எடுத்துக்கொள்வோம். 2004ஆம் ஆண்டு அந்தத் திகதி ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பூரணை, போயா விடுமுறை. காலையில் கல்லடி, நாவலடி தொடங்கிப் பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் வரை கடல் ஏறியது. நாவலடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிய மணற்திட்டு, ஓடித் தப்ப நிலம் இல்லை. இலங்கை முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டங்களில் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறைக்கே.

சரியாக ஓராண்டுக்கு முன், 2003 டிசெம்பர் 26 விடியற்காலையில், ஈரானின் பாம் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. அங்கே ஏறத்தாழ 26,000 பேர் இறந்தனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள், "இந்த 26ஆம் திகதியே கூடாத திகதி" என்று அப்போது பேசிக்கொண்டார்கள். பிள்ளையை இழந்தவர் வாயில் அந்தச் சொல் வருவது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் உண்மை வேறு. சுமாத்திராவுக்கு அப்பால் இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் கீழ் அமிழ்ந்த இடத்தில் பிறந்தது நம் பேரலை. பாமில் நிலத்தை உலுக்கியது அரேபியத் தட்டு யூரேசியத் தட்டை நெருக்கும் அழுத்தம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு நிலப்பிளவுகள் அவை. சந்திரனைப் பார்த்தால் அவை ஒரே நாளும் அல்ல. 2003இல் அமாவாசை டிசெம்பர் 23. ஆகவே பாம் அழிந்தபோது வளர்பிறையின் தொடக்கம், நம் கரையில் கடல் வந்தபோது பூரணை. திகதியை எடுத்துவிட்டுத் திதியை வைத்தால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

அதே திகதியில் வேறு எத்தனையோ நடந்திருக்கின்றன. 1898 டிசெம்பர் 26 அன்றுதான் ரேடியம் என்ற புதிய தனிமம் பற்றிப் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அறிவித்தார்கள் கியூரி தம்பதியர். 1991இல் சோவியத் ஒன்றியம் முறைப்படி கலைந்ததும் அன்றே. உலக வரலாறு முழுவதையும் நாம் 366 பெட்டிகளுக்குள் போடுகிறோம். ஒரு பெட்டிக்குள் பல விழாமல் இருந்தால்தான் வியப்பு. 23 பேர் கூடிய இடத்தில் இருவருக்குப் பிறந்த திகதி ஒன்றாய் இருக்க வாய்ப்புப் பாதிக்குச் சற்று மேல். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது நூற்றுக்கு 89 ஆகிறது. இதை ஓர் ஆசிரியர் வகுப்பேட்டை எடுத்து அங்கேயே சரிபார்த்துக் காட்டலாம்.

சுனாமியில் இறந்தவர்களுக்கு ஊரில் இரண்டு நினைவுகள் நடப்பதற்கும் காரணம் திகதியும் திதியும் வேறாக இருப்பதுதான். டிசெம்பர் 26 காலை நினைவுத்தூபிகளில் எல்லாரும் கூடுவது திகதிப்படி. வீட்டில் சமைத்துப் படைப்பது மார்கழிப் பூரணைத் திதியில். சந்திர மாதங்கள் பன்னிரண்டும் சேர்ந்தால் 354 நாள்தான், சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. அதனால் திதி ஆண்டுதோறும் விலகும், பின்னர் ஒரு மாதம் தள்ளிச் சரிசெய்துகொள்ளும். 20 ஆண்டு நிறைந்த திகதி 2024 டிசெம்பர் 26. ஆனால் அந்த மார்கழியின் பூரணை வந்தது 2025 ஜனவரி 13இல், பதினெட்டு நாள் கழித்து. அதற்கு ஓராண்டு முன், 2023 டிசெம்பர் 26 அன்று, திகதியும் பூரணையும் மறுபடி ஒன்றாய் வந்தன. இதுவும் கணக்குத்தான். 19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் ஏறக்குறைய இரண்டு மணி நேர வித்தியாசத்தில் ஒத்துப்போகும். 2004உடன் 19ஐக் கூட்டினால் 2023. அந்த ஆண்டு தூபியில் விளக்கேற்றித் திரும்பியவர்களுக்கு வீட்டிலும் அன்றே படையல்.

கிறிஸ்தவர்களிடமும் திகதியும் நினைவு நாளும் இப்படிப் பிரிவதுண்டு. 2019இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. உயிர்த்த ஞாயிறு பூரணையை ஒட்டிக் குறிக்கப்படுவதால் திகதி மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஞாயிறும் அந்தத் திகதியும் திரும்ப ஒன்றுசேர்வது 2030இல்தான்.

மே 18க்கு வருவோம். 2009இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த திகதி அது. அன்று கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் மட்டக்களப்பிலும் இருக்கிறது. 1638இல் புளியந்தீவுக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனதும் ஒரு மே 18 அன்றே. ஐந்து நாள் கழித்து, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையிலான உடன்படிக்கை மட்டக்களப்பிலேயே கையெழுத்தானது. இந்த இரு மே 18களையும் ஒரே வரியில் எழுதி, விதி என்று முடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படி எழுதக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 1638இல் அது வளர்பிறை, 2009இல் தேய்பிறை. 371 ஆண்டு இடைவெளியில் கலண்டரின் இலக்கம் ஒத்துப்போனதைத் தவிர வேறு உறவு அவற்றுக்கு இல்லை. இறந்தவர்களை நினைக்க அந்தத் திகதிக்கு வேறு துணை தேவையுமில்லை.

திகதியும் நாளும் ஒன்றல்ல என்பதை இன்னும் கூர்மையாகக் காட்டுவது ஏப்ரல் 23. உலகப் புத்தக நாள். ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616இல் இதே திகதியில் மறைந்தார்கள் என்பார்கள். செர்வாண்டிஸ் இறந்தது 22இல், 23 அடக்கம் செய்த திகதி என்று சொல்வோரும் உண்டு. அது ஒருபுறம் இருக்க, ஸ்பெயின் 1582லேயே புதிய கிரகோரியக் கலண்டருக்கு மாறிவிட்டது. அந்த ஆண்டு ஒக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 என்று எண்ணினார்கள். இங்கிலாந்து 1752வரை பழைய கலண்டரிலேயே இருந்தது. ஆகவே இங்கிலாந்தின் ஏப்ரல் 23 வந்தபோது ஸ்பெயினில் மே 3. ஆண்டும் ஒன்று, திகதியும் ஒன்று, நாள் மட்டும் வேறு.

இதற்கு நேர்மாறானது 1947 ஜூலை 19. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மறைந்த நாள். அதே நாளில் இரங்கூனில் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். இவை ஒரே திகதியில் மட்டுமல்ல, ஒரே நாளில் நடந்தவை. திகதி, திதி, கிழமை எதைக்கொண்டு பார்த்தாலும் பிரியாதவை. கல்லடி உப்போடை சிவானந்த வித்தியாலய வளவில் அடிகளாரின் சமாதி இருக்கிறது. ஜூலையில் அங்கே மாலை சூட்ட வருகிறவர்கள் அதைச் சிரார்த்த தினம் என்பார்கள், நினைவு நாள் என்றும் சொல்வார்கள். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரின் நாளுக்கு நினைவு நாள் என்ற தமிழே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

நாள் என்ற சொல்லுக்கும் ஒரு பழம்பொருள் உண்டு. முன்னோர்க்கு நாள் என்றால் நட்சத்திரமும்தான். 27 நட்சத்திரங்களும் நாள்மீன், கிரகங்கள் கோள்மீன். இராசராசன் பிறந்தநாள் ஐப்பசிச் சதயம் என்கிறோமே, அங்கே திகதியும் இல்லை, திதியும் இல்லை, மீன்தான் நாள். திவசம் என்பதற்கும் வடமொழியில் பகல், நாள் என்பதே பொருள். நம்மிடம் வந்து அது இறந்தவருக்குரிய நாளாகச் சுருங்கியது. திதிக்கும் அதே கதிதான்.

தனித்தமிழில் எழுதுவோர் சிலர் திகதிக்குப் பக்கல் என்று எழுதுகிறார்கள். நல்ல சொல், ஆனால் ஊரில் எவர் வாயிலும் இல்லை. ஊரில் வாழும் தமிழ்ச்சொல் ஒன்று வேறிடத்தில் இருக்கிறது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம்கள் ஹிஜ்ரி மாதத் திகதியைப் பிறை என்கிறார்கள். "றபீஉல் அவ்வல் பிறை 12" என்றால் மீலாத். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை பேரில் கொடியேறுவது ஜமாதுல் ஆகிர் தலைப்பிறைக்கு. ஹிஜ்ரி ஆண்டில் மாதம் தள்ளிச் சரிசெய்யும் வழக்கம் இல்லாததால், ஒரு பிறை கலண்டர் முழுவதையும் சுற்றிவர ஏறத்தாழ 33 ஆண்டு செல்லும். சந்திரனைக் கண்டு எண்ணும் நாளுக்குப் பிறை என்று பெயர் வைத்த அழகை, திதிக்குத் தமிழ் தேடுகிறவர்கள் கவனிக்காமல் விட்டது எனக்கு வருத்தம்.

ஆண்டுதோறும் திரும்பி வரும் நாளுக்கு ஆட்டை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஆண்டு என்பதிலிருந்து வந்தது. தஞ்சைக் கல்வெட்டுகளில் ஆட்டை வட்டம் என்றால் ஓராண்டுக் காலம். நம் பேச்சில் ஆட்டைத் திவசமாக மட்டும் அது ஒதுங்கிக் கிடக்கிறது. ஆட்டை நாள் என்று பிறப்புக்கும் நிறுவனங்களின் தொடக்கத்துக்கும் அதைத் திரும்ப எடுக்கலாம். திகதியை மட்டும் நான் விடமாட்டேன். வடமொழியில் பிறந்தாலும் அதற்கு இந்த உருவமும் பொருளும் இங்கே வந்தவை. அது குறிக்கும் பொருளை நாள் முழுவதுமாகத் தாங்காது.

எழுதும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவற்றை ஒரே நாளில் நடந்தவை என்று எழுதாமல், ஒரே திகதியில் நடந்தவை என்று எழுதுங்கள். எண்ணிக்கையிலும் அப்படியே. 2005 டிசெம்பர் 26 அன்று சுனாமிக்கு ஓராண்டு நிறைந்தது, மறுநாள் தொடங்கியது இரண்டாம் ஆண்டு. பதாகையில் 20ஆம் ஆண்டு என்று இருந்தால் அது 19 நிறைந்ததையும் குறிக்கலாம், 20 நிறைந்ததையும் குறிக்கலாம். 20 ஆண்டு நிறைவு என்று எழுதினால் ஐயம் வராது.