வளைகுடா விமானியின் சம்பளத்துக்கு இங்கே வரி உண்டா?

"மகன் டோஹாவில் விமானி. அங்கே வருமான வரியே இல்லை. பிறகு இங்கே என்ன வரி?" காத்தான்குடி, கல்முனைப் பக்கமிருந்து வரும் வாப்பாமாரும் கல்லடியிலிருந்து வரும் அம்மாமாரும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்.

கட்டாரும் அமீரகமும் சம்பளத்துக்கு வரி எடுப்பதில்லை, சரி. ஆனால் நமது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அந்த ஆள் இலங்கையில் வதிபவரா (வரிக்கணக்கில் இங்கே வாழ்பவரா) என்றும் பார்க்கிறது. வதிபவர் என்றால் எந்த நாட்டில் உழைத்ததும் இங்கே கணக்கில் சேரும். வதியாதவர் என்றால் வெளிநாட்டுச் சம்பளத்தை இலங்கை தொடாது.

183 நாள் அல்லது அதற்கு மேல் இலங்கையில் இருந்தால் வதிபவர் என்ற விதி பலருக்கும் தெரியும். அதை வரியாண்டான ஏப்ரல் முதல் மார்ச் வரை மட்டும் எண்ணுவதுதான் பிழை. அந்த ஆண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் எந்தப் பன்னிரண்டு மாதத்தையும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு நிறுவனத்தை விட்டு அடுத்ததில் சேரும்வரை ஒரு விமானி 2024 ஒக்டோபர் 10 முதல் 2025 ஏப்ரல் 30 வரை வீட்டில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியாண்டில் 173 நாள், அடுத்ததில் 30 நாள். தனித்தனியே பார்த்தால் தப்பிவிட்டார் போலத் தெரியும். சேர்த்தால் 203. இரண்டு ஆண்டுகளிலும் அவர் வதிபவர்தான். நாள் குறைந்தாலும், வாழ்க்கை இங்கேதான் நடக்கிறது என்றால் அந்த வழியாலும் வதிபவர் ஆகலாம்.

இங்கே எத்தனை நாள் இருந்தார் என்று நிரூபிப்பது விமானிக்குத்தான் கஷ்டம். பணியாளராக இறங்கும்போது பல விமான நிலையங்களில் கடவுச்சீட்டில் முத்திரை விழாது. பறப்புகளைப் பதியும் லொக்புக்கில் நேரம் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும். அதில் இரவு 8 மணிக்குக் கட்டுநாயக்கவில் இறங்கியது நமக்கு மறுநாள் அதிகாலை 1.30. எனவே ரோஸ்டரையும் (பணி அட்டவணையையும்) சேர்த்துத்தான் கணக்கைக் காட்ட முடியும். வேலையை விட்டதும் நிறுவனத்தின் கணினிக்குள் போக முடியாது. தம்பிமாரே, மாதாமாதம் ரோஸ்டரையும் சம்பளச் சீட்டையும் இறக்கி வையுங்கள்.

அப்புறம் உண்டியல், அதாவது வங்கியைத் தவிர்த்து ஆட்கள் மூலம் பணம் அனுப்புவது. வதிபவர் வெளிநாட்டு நாணயத்தில் உழைத்து வங்கி வழியாக அனுப்பிய பணத்துக்கு 2025 மார்ச் 31 வரை வரிவிலக்கு இருந்தது. ஏப்ரல் 1 முதல் வரி வந்துவிட்டது, ஆனால் உச்சம் 15 சதவீதம்தான். வங்கி வழி வராத பணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சாதாரண வீதம் 36 சதவீதம் வரை ஏறும். உண்டியலில் கிடைக்கும் சில்லறை இலாபத்துக்காக இதை இழப்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிறது.

வேறு நாட்டில் வரி கட்டியிருந்தால் சான்றிதழை வாங்கி வையுங்கள். இங்கே கழிக்க உதவும். ஆனால் ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளும் வரி எடுக்காதிருக்க நாடுகள் செய்யும் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைகள் எல்லாம் விமானிகளை ஒரே மாதிரி நடத்துவதில்லை. சிலவற்றில் விமான நிறுவனத்தின் நிர்வாகம் இருக்கும் நாட்டுக்கு வரி உரிமை உண்டு. ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு) வெளியிட்ட 2017 மாதிரி உடன்படிக்கையோ அதை விமானி வதியும் நாட்டுக்கே கொடுக்கிறது. உங்களுக்குரிய உடன்படிக்கையை எடுத்து வாசிக்காமல் நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம். ஓமானில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: 2028 முதல் அங்கே ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 5 சதவீத வரி வருகிறது.

2025/26க்கான வருமான வரி விவரத்திரட்டை 2026 நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். விடுமுறையில் ஊருக்கு வரும்போது ரோஸ்டரையும் வங்கிக் கூற்றையும் கையோடு கொண்டுவந்தால், வதிபவரா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்துவிடலாம்.