‘பரஸ்பர உரிமம்’ என்று எழுதாதீர்கள்

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றித் தமிழில் படிக்கும்போது ‘பரஸ்பர மறைமுக ஆயுத உரிமம்’ என்ற தொடர் மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. நான்கு சொற்களில் இரண்டு தவறு.

கன்சீல்டு கேரி பெர்மிட் என்பது, கைத்துப்பாக்கியை வெளியே தெரியாதபடி சட்டைக்கு அடியிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு பொது இடத்தில் நடமாட ஒரு மாநிலம் கொடுக்கும் அனுமதி. அது அடுத்த மாநிலத்தில் செல்லுமா என்ற விவகாரத்துக்குப் பெயர் ரெசிப்ராசிட்டி. இலத்தீன் வேர், ‘முன்னும் பின்னும் போய்வருவது’ என்று பொருள்.

முதலில் ‘மறைமுகம்’. மறைமுக வரி, மறைமுகத் தேர்தல், மறைமுகமாகக் குத்திக் காட்டினார் என்றெல்லாம் சொல்கிறோம். நேரடியாக இல்லாததுதான் மறைமுகம். இடுப்பில் செருகிய துப்பாக்கியில் மறைமுகம் எதுவும் இல்லை, அது மறைத்து வைத்தது, அவ்வளவுதான். ‘ரகசிய உரிமம்’ இதைவிட மோசம், உரிமமே ரகசியமானது போல ஆகிவிடுகிறது. சிலர் ‘மறைத்தேந்தல்’ என்று தனித்தமிழ் முயற்சி செய்கிறார்கள். ஆர்வத்தை மதிக்கிறேன், சொல்லை ஏற்க முடியவில்லை. ஏந்துவது என்றால் எல்லாரும் பார்க்கக் கையில் பிடிப்பது: வாளேந்தி, விளக்கேந்தி, கையேந்தி. மறைத்துக்கொண்டு ஏந்த முடியாது. ‘மறைத்து வைத்துச் செல்லும் உரிமம்’ என்றால் நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பெரிய தவறு ‘பரஸ்பர’த்தில்தான் இருக்கிறது. அது வடசொல் என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. ‘இருதரப்பு உரிமம்’ என்று மாற்றினாலும் அதே தவறுதான். பரஸ்பரம் என்றால் நீ எனக்கு, நான் உனக்கு. நடப்பு அப்படி இல்லை. மிச்சிகன் மாநிலம், பிற மாநிலத்தவர் தம் சொந்த மாநிலத்தில் வாங்கிய உரிமத்தை ஏற்றுக்கொள்கிறது. நியூஜெர்சிக்காரருக்கும் அது பொருந்தும். ஆனால் நியூஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அப்படித்தான். நியூயார்க் மாநிலத்துக்குள்ளேயே வெளி மாவட்டத்தில் வாங்கிய உரிமம், நியூயார்க் நகரத்தின் தனி அனுமதி இல்லாமல் அந்த நகரத்தில் பொதுவாகச் செல்லாது. இதில் பரஸ்பரம் எங்கே இருக்கிறது?

வெர்மான்ட்டைப் பாருங்கள். அங்கே துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ள உரிமமே வேண்டாம், மாநிலம் அப்படி ஒன்றைக் கொடுப்பதும் இல்லை. அதனால் வெர்மான்ட்காரர் வெளிமாநிலம் போனால் காட்டுவதற்குச் சொந்த மாநில உரிமம் எதுவும் இருக்காது. டெக்சாஸ் தன் பட்டியலிலேயே இருபக்க ஒப்பந்தம் உள்ள மாநிலங்களையும், தான் மட்டும் ஒருதலையாக ஏற்கும் மாநிலங்களையும் பிரித்துக் காட்டுகிறது. அந்த அரசே பிரித்துச் சொல்வதை நாம் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டும்?

என் பரிந்துரை ‘உரிம ஏற்பு’. ஒப்பந்தம் இருந்தால் ‘இருபக்க ஏற்பு’, இல்லாவிட்டால் ‘ஒருபக்க ஏற்பு’. இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஏற்பவர் நிபந்தனை போடலாம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மிச்சிகன் உங்கள் உரிமத்தை ஏற்றாலும், போலீஸ் நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதை நீங்களாகவே உடனே சொல்லிவிட வேண்டும். சொந்த ஊர்ச் சட்டம் அங்கே பேசாது.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. 2013-ல் பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஒரு பெண்ணை நியூஜெர்சியில் போலீஸ் நிறுத்தியது. துப்பாக்கி இருப்பதை அவரே சொன்னார், கைதானார். மூன்றாண்டுக்கு மேல் சிறை என்ற நிலை வரை போய், கடைசியில் 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். ‘பரஸ்பரம்’ என்று தமிழில் படித்துவிட்டு, அங்கே வாழும் நம் ஆள் ஒருவர் அதே எல்லையைக் காரில் கடந்தால் என்ன ஆகும்?

எல்லை என்றதும் ஞாபகம் வருகிறது. ‘மாநிலக் கோடுகளைத் தாண்டி’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓசூரைத் தாண்டிப் பெங்களூரு போகிறவர் கோட்டையா தாண்டுகிறார்? எல்லை என்ற நல்ல சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது. ஆங்கில வரியில் இருந்த சொல்லை அப்படியே பெயர்த்து வைக்கும் அவசரம்தான் இதற்குக் காரணம்.

இதே அவசரத்தில் சிதைந்த இன்னொன்று, 1986-ஆம் ஆண்டு கூட்டரசுச் சட்டத்தின் ‘சேஃப் பாசேஜ்’ விதி. அதைப் ‘பாதுகாப்பான பயணம்’ என்கிறார்கள், பேருந்து நிலையப் பலகையில் இருப்பதைப் போல. அந்த விதி சொல்வது வேறு. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உரிமை உள்ளவர், நடுவில் இருக்கும் மாநிலத்தைக் கடந்து போகலாம். துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. காரில் தனி டிக்கி இல்லையென்றால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும், முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறை அதற்குச் சேராது. இடுப்பில் வைத்துக்கொண்டு போவதற்கு இந்த விதி துணை வராது. இதற்கு ‘கடந்துபோகும் காப்பு’ என்பது பொருந்தும்.