பொறிவண்டு வளர்ப்பு: பாதி வேலை அசுவினி வளர்ப்பதே

பொறிவண்டு வளர்க்க முதலில் தேவைப்படுவது வண்டு அல்ல, தட்டைப்பயறு. வண்டுக்கு இரையாகும் அசுவினியை, அதாவது செடிச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியை, அதில்தான் வளர்க்கப் போகிறோம். சில தொட்டிகளில் வாரம் ஒன்றாக விதைத்து வாருங்கள். நாற்று 10 நாள் வயதை எட்டியதும் கறுப்பு அசுவினி அப்பிய கொழுந்து ஒன்றை அதன்மேல் வையுங்கள். ஒரு வாரத்தில் அசுவினி பெருகித் தண்டையே மறைத்துவிடும். இந்தத் தொடர் அறுந்தால் வண்டுப்புழுக்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிடும்.

வண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் வண்டும் இதே குடும்பம்தான். அதன் முதுகு மெல்லிய ரோமத்தால் மங்கித் தெரியும். புழு மஞ்சளாக, உடலெங்கும் கிளைத்த முட்களோடு இருக்கும். நமக்கு வேண்டியது முதுகு பளபளக்கும், அசுவினிக் கூட்டத்தில் மேயும் வண்டு. ஆண், பெண் என்று பார்த்துப் பிரிப்பது கடினம் என்பதால் ஐந்தாறு வண்டுகளைச் சேர்த்தே விடுங்கள்.

அகன்ற கண்ணாடி ஜாடி, வாய்க்கு மெல்லிய துணி, ரப்பர் வளையம், ஈரப்பஞ்சு ஒரு துண்டு, இவை போதும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள். ஜாடிச் சுவரில் வியர்க்கும் துளியிலேயே இளம்புழு ஒட்டி மாண்டுபோகும். வெயில் நேராக விழும் ஜன்னலும் கூடாது.

அசுவினி தாராளமாகக் கிடைத்தால்தான் பெண் வண்டு முட்டையிடும். மஞ்சள் முட்டைகள் இலையடியில் கொத்தாக, செங்குத்தாக நிற்கும். முட்டைகளைப் பார்த்ததும் அந்த இலையை வேறு ஜாடிக்கு மாற்றிவிடுங்கள். தாய் வண்டே அவற்றைத் தின்றுவிடக்கூடும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து நாளில் முட்டைகள் சாம்பல் நிறமாகிப் பொரியும். முதலில் வந்த புழுக்கள் பொரியாத முட்டைகளைத் தின்னும். கொடுமையாகத் தெரிந்தாலும், அசுவினியைத் தேடிப் பிடிக்கும் வலு அந்த முதல் உணவில் கிடைக்கிறது.

புழு நான்கு பருவங்களில் வளர்கிறது. இடையில் மூன்று தோலுரிப்புகள். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தொடங்கி, ஏழு புள்ளி வண்டாக இருந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரில் முடியும். மொத்தத் தீனியில் பாதிக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் போகிறது. பலரும் ஏமாறுவது இங்கேதான்: முதல் வாரம் மிஞ்சிய அசுவினி, இரண்டாம் வாரம் ஒரு நாளுக்குக்கூடப் போதாது. தோலுரித்து மென்மையாகக் கிடக்கும் புழுவைத்தான் பசித்த புழு முதலில் பிடிக்கும். இரண்டாம் பருவத்திலேயே ஆளுக்கொரு குப்பியாகப் பிரிப்பது நல்லது. கையால் எடுக்க வேண்டாம், ஈரத் தூரிகையின் நுனி போதும். பிரிக்க வழியில்லாவிட்டால் விசிறிபோல் மடித்த காகிதத்தைப் போடுங்கள். ஒளிய இடம் கிடைக்கும். ஜாடிக்குள் எறும்பு நுழையாமல் பாருங்கள். இனிப்புக் கழிவுக்காக அசுவினியைக் காவல் காக்கும் எறும்பு, புழுவைச் சும்மா விடாது.

தின்பதை நிறுத்தி, வால் நுனியை ஒட்டிக்கொண்டு முதுகு வளைந்த புழுவை நோயாளி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். மறுநாள் அது கூட்டுப்புழுவாகும். தூரிகையால் லேசாகத் தொட்டால் வெடுக்கென்று நிமிரும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க இதுவே எளிய வழி. பொதுவாக ஒரு வாரத்துக்குள் வண்டு வரும். தோட்டத்தில் எடுத்த கூட்டில் சிறு வட்டத் துளை மட்டும் இருந்தால், ஒட்டுண்ணிக் குளவிகள் உள்ளே வளர்ந்து வெளியேறிவிட்டன என்று அர்த்தம்.

புதிதாக வந்த வண்டு புள்ளியே இல்லாமல் வெளிர் மஞ்சளாக நிற்கும். அதைத் தொடாதீர்கள், மேலிறக்கை இன்னும் மென்மை. சில மணி நேரத்தில் புள்ளிகள் தெரியத் தொடங்கும்; அழுத்தமான சிவப்பு வர நாட்கள், சில வேளை வாரங்கள்கூட ஆகும்.