பாஸ்புக்கில் 436, 20 என்று கழிந்திருக்கிறதா? அது உங்கள் குடும்பத்துக்கான இன்சூரன்ஸ்

மே மாதம் முடிந்ததும் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். 436 ரூபாய் ஒரு வரி, 20 ரூபாய் ஒரு வரி கழிந்திருக்கலாம். "பேங்க்காரன் ஏதோ பிடிச்சிட்டான்" என்று நம்மில் பலர் அதைக் கடந்துபோகிறோம். கணக்கு தொடங்கிய அன்று நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டது நமக்கு மறந்திருக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கோ அது தெரியவே தெரியாது. என் கவலை அதுதான். பணம் கட்டியவர் போன பிறகு போய்க் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்.

இரண்டும் 2015 மே மாதம் தொடங்கிய மத்திய அரசுத் திட்டங்கள். 436 ரூபாய்க்குப் பெயர் ஜீவன் ஜோதி பீமா யோஜனா. கணக்கு வைத்திருப்பவர் எந்தக் காரணத்தால் இறந்தாலும், நோயோ விபத்தோ, நாமினிக்கு 2 லட்சம் ரூபாய். 18 வயது முதல் 50 வரை சேரலாம்; விடாமல் கட்டிவந்தால் 55 வயது வரை பாதுகாப்பு உண்டு. புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும். இது சேமிப்பு அல்ல. உயிரோடு இருந்தால் எதுவும் திரும்ப வராது.

20 ரூபாய் பிடிப்பது சுரக்ஷா பீமா யோஜனாவுக்கு. இது விபத்துக்கு மட்டும். 18 முதல் 70 வயது வரை. இறப்புக்கு 2 லட்சம். இரண்டு கண், இரண்டு கை அல்லது இரண்டு காலை முழுமையாக இழந்தாலும் 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம்.

விபத்து என்றதும் லாரியும் பைக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. வயலில் பாம்பு கடித்து இறந்தாலும், தென்னை மரத்திலிருந்து விழுந்து இறந்தாலும் அதுவும் விபத்துதான். குடும்பங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சாலை விபத்து, ரயில் விபத்து, நீரில் மூழ்கியது என்றால் போலீசில் பதிவாகியிருக்க வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தது போன்றவற்றுக்கு உடனடியாக ஆஸ்பத்திரியில் பார்த்த சீட்டு ஆதாரமாக வேண்டும். "உயிர் போயிடுச்சு, இனி எதுக்கு ஆஸ்பத்திரி" என்று நேராக வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டால், பிறகு காரணத்தை நிரூபிப்பது மிகக் கடினம். அந்த நேரத்தில் இதை நினைக்க மனம் வராது. அதனால்தான் உறவில் ஒருவராவது முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

பணம் கேட்க, கணக்கு இருந்த பேங்க் கிளைக்கோ போஸ்ட் ஆபீசுக்கோ நாமினி போக வேண்டும். கிளெய்ம் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், பாஸ்புக் நகல், விபத்தென்றால் எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை அல்லது ஆஸ்பத்திரி ஆவணம். கூடியவரை 30 நாளுக்குள் கொடுங்கள். படிவத்துக்குக் காசு இல்லை. பணம் நேராக நாமினியின் கணக்கில் ஏறும். "நான் வாங்கித் தர்றேன், இவ்வளவு கொடுங்க" என்பவரையும், போனில் ஓ.டி.பி. கேட்பவரையும் நம்ப வேண்டாம்.

இரண்டு பேங்க்கில் கணக்கு இருந்து இரண்டிலும் 436 பிடித்தால் 4 லட்சம் கிடைக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கிடைக்காது. ஒருவருக்கு ஒன்றுதான், ஒரு கணக்கில் நிறுத்திவிடுங்கள்.

பாதுகாப்பு ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை. மே கடைசி வாரத்தில் கணக்கில் 456 ரூபாய் இல்லாவிட்டால் தொகை கழியாது, பாதுகாப்பும் நின்றுபோகும். நூறு நாள் வேலைச் சம்பளமோ குழுக் கடனோ ஏறியதும் துடைத்தெடுத்துவிடும் கணக்குகளில் நடப்பது இதுதான். விட்டுப்போயிருந்தால் கிளையில் சொல்லி மறுபடி சேரலாம். செப்டம்பர் முதல் சேர்ந்தால் 436 முழுதாகக் கட்ட வேண்டியதில்லை: செப்டம்பர் முதல் நவம்பர் வரை 342, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 228, மார்ச் முதல் மே வரை 114. ஆனால் அந்த 30 நாள் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கிளைக்குப் போகும்போது நாமினி யார் என்றும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மா பெயரே இன்னும் இருக்கலாம், அம்மா காலமாகியிருக்கலாம். மாற்ற ஒரு படிவம் போதும். வீட்டுக்கு வந்து, பாஸ்புக்கின் அந்தப் பக்கத்தைத் திறந்து, 436-ஐயும் 20-ஐயும் மனைவியிடமோ மகனிடமோ விரல் வைத்துக் காட்டுங்கள்.